மினோஸ் சொன்ன இரண்டு சொற்கள்

சலோனிக்கா, 11 அக்டோபர் 1962

பெபோ அண்ணாவுக்கு,

உன் அஞ்சலட்டை வந்தது. "பத்ராஸில் இருக்கிறேன், நலம், தேடாதே." இவ்வளவுதான். தந்தி அடித்திருந்தால்கூட இன்னும் நாலு வார்த்தை போட்டிருப்பாய். நோன்பு முடிக்கிற நேரத்தில் உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் அது அப்படியே இருந்தது. உன் மச்சான் நிஸ்ஸிம்தான் எடுத்து உள்ளே வைத்தார்.

நம் புத்தாண்டு விருந்தில் நீ செய்தது தப்பு. நிஸ்ஸிமின் பெரியப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறார். நீ எதிரில் உட்கார்ந்து, "நாற்பத்துநாலு மார்ச்சில, ஆத்தென்ஸ்ல யூதங்கள ஜெர்மன்காரன் புடிச்சப்ப, நீங்க எங்க இருந்தீங்க?" என்று போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய். மனுஷர் பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்றுதான் உன்னைக் கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். போகிறவன் போகட்டும் என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தேன்.

நேற்று குளிர்காலத் துணி எடுக்க டிரங்கைத் திறந்தேன். அடியில் இருந்த கைத்துப்பாக்கி இல்லை. நான் மலையில் போராளிகளோடு இருந்த காலத்தில் என் இடுப்பில் இருந்தது அது. அந்தக் குற்றத்துக்கு இன்றுவரை திங்கள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறவள் நான். அனுமதி இல்லாமல் ஊர் எல்லை தாண்ட முடியாது. அது உன் கையில் அகப்பட்டால் முதலில் உள்ளே போவது நான். என் மகளுக்கு ஏழு வயது. இதை நம் யூத எழுத்தில் எழுதுவதால் தைரியமாக எழுதுகிறேன். எவன் பிரித்துப் பார்த்தாலும் கோழி கிறுக்கின மாதிரிதான் இருக்கும்.

எதற்கு எடுத்தாய்? யாருக்காக?

பலோம்பா

&nbsp;

பத்ராஸ், 17 அக்டோபர்

பலோம்பா,

அவனைக் கண்டுபிடித்துவிட்டேன்.

உன் கேள்விக்கு அதுதான் பதில். இனி கொஞ்சம் பொறுமையாகப் படி. பாதியில் நிஸ்ஸிமைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டாதே.

துறைமுகத்துக்குப் பின்னால் கயிறு, தார், பாய்மரத்துணி விற்கிற கடை. பலகையில் "மார்க்கோஸ் வேராஸ்" என்று போட்டிருக்கிறான். எதிர்ச்சாரியில் மாடியறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஜன்னலில் நின்றால் அவன் வழுக்கை தெரியும். ஐம்பது வயது, மேல்வரிசையில் ஒரு தங்கப்பல். ஆத்தென்ஸில் நம் வீட்டு முற்றத்துக்குப் பொய் அடையாள அட்டை கொண்டுவந்த சலோனிக்காக்காரனுக்குத் தங்கப்பல் இருந்தது என்று நீதான் சொன்னாய். போருக்கு முன் இவன் பெயர் மெர்க்காதோ பெராஹா. அதைத் தெரிந்துகொள்ள நான் எத்தனை ஊர் அலைந்தேன் என்று உனக்குத் தெரியும்.

மினோஸை நான் மறக்கவில்லை. சலோனிக்காவில் பிடித்து முந்தின வருடமே என்னை அடைத்த ஜெர்மன் முகாமில், எங்கள் கொட்டடிக்கு ஆத்தென்ஸ் ரயிலில் வந்தவன், கால்கிதா ஊர்க்காரன். என் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தான். "உங்கம்மா எங்க பெட்டியிலதான் வந்தாங்க. எங்கப்பா தலைய வழியெல்லாம் மடியில தாங்கிட்டு வந்தாங்க, இல்லேன்னா அவரு லாரிஸாகூட தாண்டியிருக்க மாட்டாரு. பெபோவப் பாத்தா இதச் சொல்லுன்னாங்க" என்றான். பிறகு அம்மா நம் மொழியில் சொல்லி அனுப்பிய அந்த இரண்டு சொற்கள். மெர்க்காதோ விற்றுவிட்டான். மினோஸ் அந்த வாரமே காய்ச்சலில் போனான். அவனுக்கு நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, என் காதில் அந்தப் பெயர்தான் இரைந்துகொண்டிருந்தது.

அப்பா, அம்மா, நான் முகம்கூடப் பார்க்காத கைக்குழந்தை. மூன்று பேர். அவன் கயிறு விற்கிறான், மத்தியானம் தூங்குகிறான், சாயங்காலம் காபிக்கடையில் பகடை உருட்டுகிறான். நானும் எதிரில் உட்கார்ந்து உருட்டுகிறேன். என்னை வோலோஸிலிருந்து வந்த பெத்ரோஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அவனை நேரில் பார்த்தவள் உயிரோடு இருப்பது நீ மட்டும். நிலையத்தில் அனுமதி கேட்டு வா. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "இவன்தான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். மற்றது என் வேலை.

பெபோ

&nbsp;

சலோனிக்கா, 22 அக்டோபர்

அண்ணா,

வர மாட்டேன். அந்த ஒரு சொல்லை என் வாயிலிருந்து பிடுங்க முடியாது. தங்கப்பல் இந்த நாட்டில் எத்தனை பேருக்கு இல்லை? நம் நிஸ்ஸிமுக்கே இரண்டு இருக்கிறது, அவரையும் சுட்டுவிடு.

எத்தனை தடவை சொல்வது? யாரும் நம்மை விற்கவில்லை. நம் கோயிலில் பஸ்கா பண்டிகை ரொட்டிக்கு மாவு தருகிறார்கள் என்று புரளி கிளம்பியது. அப்பா போனார். பொய் அட்டையை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, கோயிலுக்குப் பொய்ப் பெயரோடு போகக்கூடாது என்று நிஜப் பெயரோடு போனார். உள்ளே போனதும் ஜெர்மன்காரர்கள் கதவை அடைத்தார்கள். பெயர் என்ன, வீடு எங்கே என்று கேட்டிருப்பார்கள். அப்பாவுக்குப் பொய் வராது, உனக்கே தெரியும். அன்று சாயங்காலமே லாரி நம் முற்றத்துக்கு வந்தது. இதில் மெர்க்காதோ எங்கே வந்தான்?

புளிப்பில்லாத ரொட்டி சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு குடும்பம் போயிற்று என்பதை உன்னால் தாங்க முடியவில்லை. அதற்கு ஒரு கொலைகாரன் வேண்டும் உனக்கு. எனக்கும் வேண்டியிருந்தது அண்ணா, நான் கல் இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்து அந்த முற்றத்தில் நின்றபோது யாரையாவது கடித்துக் குதறலாம் போலத்தான் இருந்தது. வீடே எரிந்து கிடந்தது. "அந்த அறையில இருந்தவங்க எல்லாரையும் கொண்டுபோயிட்டாங்க" என்றான் தெருமுனைச் செருப்புக்காரன். வேறு கேட்க ஆள் இல்லை.

குழந்தையை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பிப்ரவரியில் ரகசியமாக இறங்கி வந்தபோது. வீதா என்று அம்மா பேர் வைத்திருந்தாள், உயிர் என்று. பூனைக்குட்டி அளவுதான் இருந்தது, அழக்கூடத் தெம்பில்லை. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. அதே முற்றத்தில் எதிர் அறை ஸ்தமாதியா, அவள் தன் குழந்தையைப் புதைத்திருந்த சமயம், அவள்தான் மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொம்பளையின் தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கடைசியாகப் பார்த்த அம்மா அதுதான். அந்த ஞாபகத்துக்குள் உன் கயிற்றுக்கடைக்காரனைக் கொண்டுவந்து விடாதே.

அட்டை கொண்டுவந்தவன் நல்லவன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

துப்பாக்கியைக் கடலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வா.

பலோம்பா

&nbsp;

பத்ராஸ், 29 அக்டோபர்

பலோம்பா,

நீ வராவிட்டால் என்ன? அவனே சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை காபிக்கடையில் நான் பகடையை உருட்டிவிட்டு ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். அவன் காய்களை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு கிரேக்கத்தை விட்டுவிட்டு நம் யூத மொழியில், "வோலோஸ் பெத்ரோஸாம், பெத்ரோஸ். மொத நாளே தெரியும்டா. நீ கிரேக்கம் பேசினா மீனு சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கு. உன் நாக்கு சலோனிக்கா நாக்கு" என்றான். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அவனுக்கோ ஒரே கொண்டாட்டம். கடைக்காரனைக் கூப்பிட்டு, "லுக்காஸ், இவன் எங்க ஊருக்காரன்யா. என் நெஜப் பேரச் சொல்லியே கூப்பிடலாம் இவன். மெர்க்காதோ" என்றான்.

"அதென்ன பேரு?" என்று லுக்காஸ் கேட்டான்.

"வாங்கப்பட்டவன்னு அர்த்தம். பொறந்த உடனே சாகக் கெடந்தேன். எனக்கு முன்னாடி ரெண்டு போயிடுச்சு. எங்கம்மா என்னத் தூக்கிட்டுப் போயி எதிர்வீட்டுக்காரிக்கு வித்துட்டா. எமன் வந்து எங்க வீட்ல தேடுவான், 'இங்க புள்ளையே இல்ல, வித்தாச்சு'ன்னு சொல்லிடலாம்ல. பொழச்சா அந்தப் புள்ளைக்கு இந்தப் பேருதான் வைப்போம். எமனே ஏமாந்துட்டான், பாரு, இன்னும் ஒங்கடையில கடனுக்குக் குடிக்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள். லுக்காஸ், "எங்க ஊர்ப் பக்கமும் உண்டுய்யா, தவிட்டுக்குக் குடுத்து வாங்குற மாதிரி" என்றான். நான் காபிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விற்றேன், வாங்கினேன் என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டாமா? ஒன்றும் இல்லை, பச்சைக் குழந்தை மாதிரி சிரிக்கிறான். இப்படிச் சிரிக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்.

போர்க்காலத்தில் எங்கே இருந்தாய் என்றேன். "ஆத்தென்ஸ்" என்றான். "என்ன செஞ்சே?" "பேப்பர் வேல." அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கும் அதற்கு மேல் வேண்டாம்.

வரும் ஞாயிறு அவனுடைய சின்னப் படகில் மீன் பிடிக்கப் போகிறோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவனே கூப்பிட்டான். கரையில் எனக்குத் துணிவு வருமா என்று பயமாக இருந்தது. கடலில் வரும்.

மகளுக்கு என் முத்தம். நிஸ்ஸிமின் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

பெபோ

&nbsp;

சலோனிக்கா, 1 நவம்பர்

அண்ணா,

தந்தி கிடைத்ததா? "படகில் ஏறாதே" என்று மட்டும்தான் போட முடிந்தது. தபால் நிலையத்துப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஒரே ஒரு கேள்வி. நீ என்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் இதற்குப் பதில் எழுது. மினோஸ் கால்கிதாக்காரன். அவர்கள் கிரேக்கம்தான் பேசுவார்கள், நம் மொழியில் அவர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அம்மா சொன்ன இரண்டு சொல்லையும் அவன் அர்த்தம் தெரியாமல், வெறும் சத்தமாக மனப்பாடம் செய்து கொண்டுவந்து உன்னிடம் கொடுத்திருக்கிறான். பதினேழு வருடமாக நீ எனக்குச் சொன்னதெல்லாம் அர்த்தம். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். அவன் வாயிலிருந்து வந்தது எப்படி இருந்ததோ அப்படியே எழுது. நீ திருத்தியதை எழுதாதே.

அதுவரை அந்த மனுஷனைத் தொடாதே. உன்னை அண்ணா என்று இன்னும் கூப்பிடுகிற ஒருத்தி கேட்கிறேன்.

பலோம்பா

&nbsp;

பத்ராஸ், 5 நவம்பர்

பலோம்பா,

ஞாயிறன்று காற்று. படகு எதுவும் கிளம்பவில்லை. உன் தந்திக்காக நான் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அடுத்த ஞாயிறு போகிறோம், காலையில் எட்டுக்கெல்லாம்.

இலக்கணப் பாடம் நடத்துகிற நேரமா இது? கேட்டாய், எழுதுகிறேன். அவன் சொன்னது "மெர்க்காதா, வெந்தீதா." கால்கிதா நாக்கு, எதையும் இழுத்துத்தான் சொல்லும். இரண்டு மூன்று தடவை அதையே சொன்னான். மெர்க்காதா என்றொரு ஆண்பிள்ளை உலகத்தில் உண்டா? மெர்க்காதோ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வெந்தீதா என்பதும் அப்படித்தான், வெந்தியோ. விற்றான்.

போதுமா?

பெபோ

&nbsp;

சலோனிக்கா, 8 நவம்பர்

அண்ணா, அண்ணா,

லாரி ஓட்டுகிற பனாயோத்தி இன்று உன் பக்கம் புறப்படுகிறான். நிஸ்ஸிம் அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இதைக் கொடுத்தனுப்புகிறார். ஞாயிறு எட்டுக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும். தந்தியில் இதைச் சொல்ல முடியாது. அவசரத்தில் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தாலும் நின்று படி.

நீ மினோஸைத் திருத்தினாய். அவன் சரியாகத்தான் சொன்னான்.

மெர்க்காதா, வெந்தீதா. 'ஆ' என்று முடிந்தால் அது பெண். நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது. வாங்கப்பட்டவள், விற்கப்பட்டவள். ஆணே இல்லை அதில். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

உன் கயிற்றுக்கடைக்காரன் காபிக்கடையில் சொன்னதை நீயே எனக்கு எழுதினாய். எமன் வாசலில் நிற்கும்போது அம்மாக்காரி பிள்ளையை எதிர்வீட்டுக்கு விற்றுவிடுவாள். நம் அம்மா அதைத்தான் செய்தாள். நமக்கு நடுவில் பிறந்த இரண்டையும் புதைத்தவள் அவள், அவளுக்கா இது தெரியாது? லாரிச் சத்தம் கேட்டதும் வீதாவை முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோய் ஸ்தமாதியா மடியில் போட்டிருக்கிறாள். ஸ்தமாதியாவிடம் பால் இருந்தது. அவள் கழுத்தில் சிலுவை இருந்தது.

உன் முதல் கடிதத்தை நேற்று எடுத்துப் படித்தேன். மினோஸின் அப்பா தலையை அம்மா வழியெல்லாம் மடியில் தாங்கிக்கொண்டு வந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இத்தனை வருடமாக இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், நானும் கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தியிருக்கிறேன். இரண்டு மாதக் குழந்தையோடு போகிறவளுக்கு இன்னொருத்தர் தலைக்கு ஏது அண்ணா மடி? அவள் கையில் குழந்தை இருந்ததா என்று நீ மினோஸிடம் கேட்கவில்லை. நானும் உன்னிடம் கேட்கவில்லை.

சாகப்போகிறவள் மகனுக்கு, பழிவாங்கு என்றா சொல்லி அனுப்புவாள்? தங்கச்சியைப் போய்க் கூட்டிக்கொண்டு வா என்றுதான் அனுப்புவாள். கிரேக்கத்தில் சொன்னால் பெட்டியில் எவன் காதிலாவது விழுமே, குழந்தைக்கு ஆபத்தாகுமே என்று நம் மொழியில் சொல்லியிருக்கிறாள். நமக்கு மட்டும் புரியும் என்று நம்பினாள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

ஸ்தமாதியா ஏகினாத் தீவுக்காரி. ஊரிலிருந்து அவளுக்குப் பிஸ்தா வரும், எனக்குக்கூட ஒரு தடவை மலைக்குக் கட்டிக் கொடுத்தாள். வீடு எரிந்த பிறகு அவள் ஊருக்குத்தான் போயிருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறாளா, குழந்தை பிழைத்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் திங்கட்கிழமை கையெழுத்து இருக்கிறது, கிளம்ப முடியாது. நீ போ. அந்த மனுஷனை விட்டுவிட்டு இன்றைக்கே கப்பல் ஏறு.

பலோம்பா

&nbsp;

ஏகினா, 15 நவம்பர்

பலோம்பா,

பனாயோத்தி கதவைத் தட்டியபோது நான் காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பைக்குள் அது இருந்தது. படித்தேன். மறுபடியும் படித்தேன். பனாயோத்தி, "என்னங்க, துக்கச் செய்தியா?" என்று கேட்டுக்கொண்டே நின்றான். அவனுக்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

அப்புறம் படகுத்துறைக்குப் போனேன். போகும் வழியில் பொருளைத் தண்ணீரில் விட்டேன். இனி உன் டிரங்கைப் பற்றிப் பயப்படாதே. மெர்க்காதோ இறால் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை, ஊருக்குப் போகிறேன் என்றதும் கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "தூண்டில் புடிக்கத் தெரியாதுன்னா மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றான். ஏனோ ஆத்தென்ஸில் நம் பெத்ராலோனா வீட்டு முற்றத்தைப் பற்றி அவனிடம் கேட்கவேண்டும் போல இருந்தது, கேட்டேன். "அட்ட கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். எத்தனையோ வீடு. அங்க மறுபடி போனப்ப ஒரு அம்மா, பொண்ணு மலைக்குப் போயிடுச்சின்னு என் சட்டையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. அந்த வாரம் எனக்குச் சோறே எறங்கல" என்றான். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், சலோனிக்காவில் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றேன். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஊர்க்காரன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று உப்புப் போட்ட மத்தி ஒரு டப்பா கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அவனைத் தொட நினைத்த கை இதுதான் என்று அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏகினாவில் இறங்கி ஸ்தமாதியா என்று கேட்டால், "எந்த ஸ்தமாதியா? அகோராஸ்தியோட அம்மாவா?" என்றார்கள். அந்தப் பெயரை மறுபடி சொல்லச் சொன்னேன். அகோராஸ்தி என்றால் கிரேக்கத்தில் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்கப்பட்டவள். அம்மா சொன்ன பெயரையே தன் பாஷையில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள்.

ஸ்தமாதியா என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவே இல்லை. கைவேலையை விட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஒங்கம்மா மூக்கு" என்றாள். பிறகு, "அரை ரொட்டி குடுத்து வாங்கினேன். சும்மா வாங்கிக்கக் கூடாது, வெல குடுத்தாத்தான் பலிக்கும்னாங்க ஒங்கம்மா. லாரி வாசல்ல நிக்குது, அப்பவும் சிரிச்சிக்கிட்டே வெல பேசினாங்க. மகன் வருவான், இல்லேன்னா மக வருவா, திருப்பிக் குடுத்துடுன்னாங்க. ரொம்ப காலம் கப்பல் வர்றப்பல்லாம் துறைமுகத்துக்குப் போயி நின்னேன். அப்புறம் யாரும் வந்துடக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். என்னய மன்னிச்சிடுப்பா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பலோம்பா. முகாமிலிருந்து வந்த பிறகு நான் அழுது நீ பார்த்திருக்கிறாயா? நன்றாகவே வருகிறது.

நம் தங்கச்சி தோட்டத்திலிருந்து வந்தாள். உன் உயரம், உன் முன்கோபம். வாசலில் நிற்கும்போதே புருவத்தைத் தூக்கினாள், நீதான் நிற்கிறாய் என்று நினைத்தேன். ஸ்தமாதியா அவளிடம் எதையும் மறைத்து வளர்க்கவில்லை. விற்ற கதை, வாங்கிய கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். அண்ணன் வந்திருக்கிறேன் என்றதும் அவள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மத்தி டப்பாவைத் திறந்து தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்து வைத்தாள்.

"போரு முடிஞ்சு இத்தன வருஷமாச்சு" என்றாள். "நீங்க எங்க இருந்தீங்க?"

"தேடிக்கிட்டு இருந்தேம்மா" என்றேன்.

"என்னையா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவுக்கு வராதது எனக்கும் வரவில்லை. இல்லை என்றேன்.

"அப்ப யார?" என்றாள்.

நான்கு நாளாக அவள் எனக்குச் சோறு போடுகிறாள், படுக்க இடம் கொடுக்கிறாள், அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு தடவை வாயெடுத்தேன், முடியவில்லை. நிலையத்தில் அனுமதி கேள். எதற்கு என்று கேட்டால், தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல். சீக்கிரம் வா. நீ வந்து அவளுக்குச் சொல், பலோம்பா.

பெபோ